மாற்றம் இல்லை

ஜனவரி 6, திங்கள்

ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி. சும்மா கிடக்கிறதே என்று எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவுப் பதிவேட்டைத் தவிர வேறு எதையும் இந்தக் கை எழுதிப் பத்தொன்பது வருடம் ஆகிறது.

இன்று மூளை ஆராய்ச்சி மையத்திலிருந்து இவருக்குப் போன் வந்தது. அப்பா அம்மாவுக்கு மறதி நோய் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சோதிக்கிறார்களாம். இவர் வேலை செய்யும் ஓட்டலில் தினமும் டிபன் சாப்பிடும் ஒரு டாக்டர் இவர் பெயரைக் கொடுத்திருக்கிறார். எட்டு டேபிள் ஆர்டரையும் காகிதம் இல்லாமல் தலையிலேயே வைத்துக்கொண்டு பரிமாறும் ஆள், அவருடைய அப்பாவுக்கு அந்த நோய் இருந்தது என்றால் டாக்டருக்கு ஆசை வராதா? "நம்ம மூளையப் படம் எடுக்கணுமாம் அரசி" என்று இவருக்கு ஒரே பெருமை. மெடல் குத்தப்போகிறார்கள் என்று நினைப்பு.

மாமனார் கதையை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்த்தி, "அவருக்குக் காது சுத்தமா கேக்காது, யாரும் பேச்சுக் குடுக்காதீங்க" என்றார்கள். கல்யாணமான மூன்றாம் நாள் அந்த மனுஷர் என்னிடம் நல்லாக் காது கேட்டு, நல்லாப் பேசி, "நீ யாரும்மா? எந்த ஊரு?" என்றார். அடுத்த நாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாளும். ஆறு வருடம் அவருக்கு மலஜலம் அள்ளியவள் நான். மறைத்துக் கட்டி வைத்தார்கள். மாமியார் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினேன். செத்த பிறகும் விடவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டு மையத்துக்குப் போனோம். டாக்டர் மெர்லின் என்று ஒரு பெண், எங்கள் மகள் சுபாவைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம். பொறுமையாகப் பேசினாள்.

"அப்பாவுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கு வர்ற வாய்ப்பு கூடுதல். வந்தே தீரும்னு இல்லைம்மா. ரத்தத்துல ஒரு மரபணுவப் பார்ப்போம். அந்த ரிசல்ட் உங்களுக்குத் தெரியணுமா, வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

இவர் "தெரிஞ்சுக்குவோமே" என்றார். நான் இவர் முழங்கையைத் தட்டினேன். வேண்டாம் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். வீட்டில் கூட இருப்பவர் தனியாக எழுத வேண்டியது. பதினாறு கேள்வி. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, பழகிய இடத்தில் வழி தடுமாறுகிறதா, இப்படி. எதிரே மூன்று கட்டம்: மாற்றம் இல்லை, கொஞ்சம், அதிகம்.

"இதுதாம்மா எங்களுக்கு ரொம்ப முக்கியம். லேசாத் தடுமாற்றம் தெரியறவங்களுக்கு இங்க ஒரு புது மருந்துச் சோதனை நடக்குது. குணமாகும்னு நான் சொல்ல மாட்டேன், வேகம் குறையுதான்னு பாக்கறோம். ஏப்ரல் முப்பதோட ஆள் சேர்க்கறது முடிஞ்சிரும். மூணு இடத்துல 'கொஞ்சம்'னு வந்தாலே ஐயாவை அதுக்குப் பரிசோதிப்போம். பிள்ளைங்களையும் கூப்பிட்டுப் பேசுவோம்."

பிள்ளைகளையும் கூப்பிட்டு. அந்த வார்த்தை என் காதிலேயே நிற்கிறது. சுபாஷிணிக்குக் கரூரிலிருந்து ஜாதகம் பொருந்தி வந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள்.

ஜனவரி 11, சனி

படிவத்தைப் பீரோவில் வைத்தேன். அரிசி ஊறப் போட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். வாழைப்பழம் வாங்க மொபெட்டில் மார்க்கெட்டுக்குப் போனவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டி எங்கே என்றால் முழிக்கிறார். பிறகு திருட்டுப் போய்விட்டது என்று ஒரே ரகளை. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். சுபாதான் மார்க்கெட் வாசலுக்குப் போய், நிறுத்திய இடத்திலேயே நின்ற வண்டியை எடுத்து வந்தாள்.

பண்டிகைக் கூட்டம். யாருக்கும் வருவதுதான். நானே போன மாதம் சாவியை உள்ளே வைத்துப் பூட்டவில்லையா?

வாழைப்பழமும் வாங்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

காலையிலேயே இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "உங்கப்பா எப்படிச் செத்தார்னு கேட்டா மாரடைப்பு. ஆஸ்பத்திரி, சோதனை, மூளைப்படம், ஒண்ணும் வாயில வரக் கூடாது. புரிஞ்சுதா?" தலையாட்டினார். "என்ன சொல்வீங்க, சொல்லுங்க" என்றேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி. "மாரடைப்பு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை பெயர் பிரசன்னா. ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா இல்லை. அம்மா லோகநாயகி, நெட்டையாக, அதிகம் சிரிக்காத பெண்மணி. கூட ஏழெட்டுப் பேர். இவர் ஓட்டல் புத்தியில் எல்லோரிடமும் ஆர்டர் எடுத்துக்கொண்டு வந்தார். யாருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி, யாருக்கு டீ, யாருக்கு வெறும் பால் என்று ஒப்பித்துவிட்டு அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு உயிர் வந்தது. இந்த ஆளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்றிருந்தது.

நான் பஜ்ஜி போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே மாட்டிக்கொண்டேன். எட்டிப் பார்த்தபோது இவரும் அந்த லோகநாயகி அம்மாவும் வாசல்பக்கம் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு "என்ன பேசினீங்க?" என்றேன். "சும்மா, ஊரு உலகத்தப் பத்தி" என்றார்.

ஜனவரி 22, புதன்

கரூரிலிருந்து போன். சம்மதம். லோகநாயகி அம்மாளே பேசினார். "உங்க வீட்டு ஆளுங்க எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். சுபா முகத்தில் ஒரு வெளிச்சம், அப்படி நான் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம்.

வந்து படிவத்தை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் என் பதிவேட்டை எந்த அதிகாரி வந்து புரட்டினாலும் ஒரு கேள்வி வராது. முட்டை வந்ததும் போட்டதும் பொருந்தும். பிள்ளைகள் வராத நாளிலும் பொருந்தும். கேள்விக்கு இடம் வைக்காமல் எழுதுவதுதான் பதிவேடு, எனக்குச் சொல்லிக் கொடுத்த முந்தைய அமைப்பாளர் அம்மா அப்படித்தான் சொன்னார். பேனாவை எடுத்தேன். முதல் கட்டத்தில் மேலிருந்து கீழே பதினாறு டிக். மாற்றம் இல்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வண்டி விஷயம் பண்டிகைக் கூட்டத்தால் வந்தது. அதை எழுத இதில் இடமும் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

படம் எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் குழாய்க்குள் படுக்க வைத்திருந்தார்கள். வெளியே வந்தவர் ஆர்டர் முடித்த சர்வர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உள்ள தகரத்தத் தட்டற மாதிரி சத்தம் அரசி. கண்ணுக்கு மேல ஒவ்வொரு எழுத்தா வரும். இப்ப வர்ற எழுத்து, அதுக்கு ரெண்டு முந்தி வந்த எழுத்தா இருந்தா பட்டன அமுக்கணும். க, ம, க. அமுக்கு. இது நம்ம தொழில்தானே. ஆறாம் டேபிள் சொல்லிட்டு இருக்கும்போதே நாலாம் டேபிள் என்ன கேட்டான்னு பிடிச்சு வெச்சுக்கறது. முப்பத்தொரு வருஷமா இதத்தான பண்றேன்."

"எல்லாம் கரெக்டா அமுக்கினீங்களா?"

"ஒண்ணு ரெண்டு போயிருக்கும். கடைசியில தலை விண்ணுனு வலிச்சுது."

படிவத்தை டாக்டரிடம் கொடுத்தேன். பார்த்தாள். "பதினாறும் இல்லையாம்மா?" என்றாள். "இல்லை" என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இவர் ஓட்டலுக்குப் போன நேரமாகப் பார்த்து டாக்டர் மெர்லின் என்னை மட்டும் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் ஒரு மூளைப்படம். ஆரஞ்சும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"ஐயா நல்ல மார்க் எடுத்திருக்காங்க. அவங்க வயசுக்காரங்க எடுக்கற அதே மார்க்தான். ஆனா அந்த மார்க்கை எடுக்க மூளை ரொம்பப் பாடுபடுது. மத்தவங்களுக்கு வேலை செய்யாத இடமெல்லாம் இவங்களுக்கு வேலை செய்யுது."

எனக்கு விளங்கியது. ஒரு ஆள் இறக்குகிற சாம்பார்க் குண்டானை நாலு பேர் சேர்ந்து இறக்குகிறார்கள். குண்டான் இறங்கிவிடுகிறது, பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

"அப்ப இவருக்கு வந்திருச்சா?"

"இந்தப் படத்த வெச்சு ஒருத்தருக்கு இருக்கு, இல்லைன்னு சொல்ல முடியாதும்மா. பரம்பரையா வாய்ப்பு இருக்கறவங்க சில பேருக்கு நல்லா இருக்கும்போதே இப்படித் தெரியுது. அதனாலதான் நீங்க சொல்றது முக்கியம்ங்கறேன். வீட்டுல நீங்க எதையுமே கவனிக்கலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேணும்னா வேற படிவம் தர்றேன்."

அவள் மேசையிலேயே ஒரு புதுப் படிவம் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். மார்ச் ஒன்பது நிச்சயதார்த்தம். மண்டபம் பேசியாகிவிட்டது. இங்கே வேலை செய்கிற நர்ஸ்களில் ஒருத்தி கரூர்ப் பக்கம் என்று வரவேற்பறையில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது.

"எழுதினது எழுதினதுதான் டாக்டர்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவள் ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. இவரை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். யாராவது இவரிடம் பேச வந்தால் நான் முந்திக்கொண்டேன். இவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், "நாகு, என்னடா ஊமையாயிட்ட?" என்று கேலி செய்தார். "தொண்டை கட்டிக்கிச்சு" என்று நான் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, என் மாமியார் இதைவிட நல்ல பொய் சொன்னாள் என்று.

மார்ச் 26, புதன்

துணி துவைக்கும்போது இவர் சட்டைப் பையில் ஊறிப்போன துண்டுக் காகிதங்கள். "6 – 2 பொங்கல், 1 ரவா". "3 – தண்ணி கேட்டாங்க". கூடவே ஒரு விரல் நீளத்துக்குப் பென்சில். காகிதத்தில் எழுதுகிற சர்வரைப் பார்த்தால் இவருக்கு இளக்காரம். "அவனெல்லாம் கிளார்க்கு" என்பார்.

வெளுத்த சட்டைகளின் உள்பக்கம் ஒரு சின்னப் பை வைத்துத் தைத்தேன். வெளியே தெரியாது. இவர் பார்த்தார், தொட்டுப் பார்த்தார்.

ஏப்ரல் 12, சனி

பத்திரிகை வந்தது. இவர் பெயரும் என் பெயரும் தடித்த எழுத்தில். நாகசுந்தரம் – மங்கையர்க்கரசி. இவர் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, "யாருக்கு அரசி கல்யாணம்?" என்றார். உடனே சிரித்து, "சும்மா கேட்டேன்" என்றார். கேலி செய்கிறார்.

கேலிதான் செய்தார்.

ஏப்ரல் 30, புதன்

மருந்துக்கு ஆள் சேர்க்க இன்றுதான் கடைசி நாள். காலையில் பஸ் ஸ்டாப் வரை போனேன். மையத்துக்குப் போகிற பஸ் இரண்டு வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள் இருக்கிறது. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

சுபாஷிணிக்குக் கல்யாணம். தாலி ஏறும்போது இவர் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். பந்தியில் யார் சொல்லியும் கேட்காமல் இலை இலையாகப் போய் விசாரித்தார், யாருக்கு என்ன வேண்டும் என்று. மூன்றாம் இலைக்காரர் ரசம் கேட்டார். இவர் பாயசத்தோடு வந்து நின்றார். சிரித்துச் சமாளித்துவிட்டோம். இனிமேல் எனக்குப் பயம் இல்லை. நாளைக்கே போய் டாக்டரிடம் உள்ளது உள்ளபடி சொல்லிவிடலாம், ஒரு மாதம் பிந்தினால் விரட்டியா விடுவார்கள் என்று மண்டபத்திலேயே முடிவு செய்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மறுவீட்டுக்குக் கரூர் போயிருந்தோம். சுபா அந்த வீட்டில் பத்து வருடம் இருந்தவள் மாதிரி நடமாடுகிறாள். சாப்பாட்டுக்கு அப்புறம் லோகநாயகி அம்மாள் வெற்றிலைத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மா, கல்யாண வேலையில கேக்க முடியல. அவரை அந்த மருந்துக்குச் சேத்துக்கிட்டாங்களா?"

என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். "எந்த மருந்து?"

"அதாங்க, மூளைச் சோதனை. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே வாசல்ல வெச்சுச் சொன்னாரே. எங்கப்பாவுக்கு மறதி நோயி, எனக்கும் வரலாம், உங்க மருமகளுக்கும் ஒருநாள் வரலாம், தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்கன்னு. புதுசா மருந்து ஒண்ணு குடுக்கறாங்க, கூப்பிடுவாங்கன்னு எதிர்பார்த்துட்டு இருக்கேன்னும் சொன்னாரு."

கையில் எடுத்த வெற்றிலையைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

"நான் வீட்டுக்கு வந்து பிரசன்னாகிட்ட சொன்னேன். வியாதி எந்த வீட்டுல இல்ல, இப்படி மறைக்காமச் சொல்ற மனுஷன் எந்த வீட்டுல இருக்கான்னு அவன்தான் கேட்டான். அதுக்காகத்தாங்க இந்தச் சம்பந்தமே பண்ணினோம். உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நான் பேச்ச எடுக்கல."

சுபாவுக்கும் தெரியுமாம். நிச்சயத்துக்கு முன்னாலேயே பிரசன்னா அவளிடம் பேசியிருக்கிறான். என் மகள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்பும்போது கேட்டேன், ஏண்டி சொல்லவில்லை என்று.

"அப்பா மருந்துக்குப் போறார்னு நெனச்சேன். நீதான்மா எல்லாத்தையும் பாத்துக்கறேன்னு சொன்ன" என்றாள்.

ஆக, எல்லோருக்கும் தெரியும். நான் யாரிடமிருந்து மறைத்தேன்?

ஜூன் 16, திங்கள்

மையத்துக்குப் போனேன். மொபெட், துண்டுக் காகிதம், பத்திரிகை, பாயசம், ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டர் மெர்லின் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"ஏப்ரல் முப்பதோட முடிஞ்சிருச்சேம்மா. முப்பது பேரும் மருந்து சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. நடுவுல நான் யாரையும் சேர்க்க முடியாது. அடுத்த சோதனை எப்ப வரும்னு எனக்கே தெரியாது. ஐயாவை நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பறேன், இருக்கற மாத்திரையக் குடுப்பாங்க."

"நான் பிப்ரவரியில சொல்லியிருந்தா?"

"அந்தக் கேள்வி வேண்டாம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கேட்டேன். "மாரடைப்புன்னு சொல்லச் சொன்னேனே, மறந்துட்டீங்களா?"

"மறக்கல. நல்லா ஞாபகம் இருந்துச்சு" என்றார். "உன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பனுக்குக் காது கேக்காதுன்னு சொல்லச் சொல்லி ஐடியா குடுத்ததே நான்தான் அரசி. அம்மா மேல பழியப் போட்டுட்டு இத்தன வருஷம் நீ திட்டறத வாயப் பொத்திக் கேட்டுட்டு இருந்தேன். இன்னொரு வீட்டுக்கு அதையே பண்ண மனசு வரல."

செய்யாத தப்புக்கு இருபத்தேழு வருடம் அந்தக் கிழவியைத் திட்டியிருக்கிறேன்.

நானும் சொல்லிவிட்டேன். பதினாறு டிக்கையும், ஏப்ரல் முப்பதையும், பஸ் ஸ்டாப்பையும். இவர் வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு டேபிளையும் என்னால இன்னும் கொஞ்ச நாள் பிடிச்சு வெச்சிருக்க முடிஞ்சிருக்குமோ என்னவோ" என்றார். அப்புறம் என் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அழுது தீர்த்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார். "அரசி, அந்த மருந்து விஷயம் என்னாச்சு? கூப்பிட்டாங்களா?"

நேற்றுச் சொன்னதை எல்லாம் மறுபடி சொன்னேன். புதிதாகக் கேட்கிறவர் போலவே கேட்டார். முகம் நேற்றுப் போலவே விழுந்தது. அதே உள்ளங்கை.

ஜூன் 19, வியாழன்

மறுபடியும் கேட்டார். சொன்னேன். இந்தத் தடவை கோபம். "ஏண்டி இப்படிப் பண்ணின?" என்று டம்ளரைத் தூக்கிப் போட்டார். கல்யாணமாகி ஒரு நாளும் என்னை டி போட்டுக் கோபமாகப் பேசியதில்லை. ஓட்டலுக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இவர் தெரிந்துகொள்வது ஒரே நாள் என்றால் அந்தக் கோபத்தை நான் பட்டுத் தீர்த்துவிடுவேன். இவருக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவை.

ஜூன் 23, திங்கள்

குளித்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு, சட்டையை மாட்டிக்கொண்டே அடுப்படிக்கு வந்தார்.

"அரசி, அந்த மருந்துக்குக் கூப்பிடறேன்னாங்களே, என்னாச்சு?"

தோசையைத் திருப்பிப் போட்டேன்.

"கூப்பிடுவாங்க" என்றேன்.

"அப்பச் சரி" என்று உள்பையில் பென்சில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.